அரும்பைக் கிள்ளாத கை

(ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டமொன்றின் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில், சம்பள நாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக் கொழுந்துக்குப் போயிருந்தால் நாலு காசு கிடைத்திருக்கும். விறகுக்குப் போயிருந்தால் ஒரு கிழமைக்கு அடுப்பு எரிந்திருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு இந்தப் புள்ளைக் காம்பராவில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். "சிக்கனமா இருங்க, குடிக்காதீங்க, சேமிங்க" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கிப் போவதற்கு நாம் வரவில்லை. அந்தப் பேச்சை நீங்கள் போதுமான அளவு கேட்டுவிட்டீர்கள். பேசினவர்களும் திரும்பி வந்து பார்த்ததில்லை.

காசைப் பற்றிப் பேசுமுன் கொழுந்தைப் பற்றிப் பேசுவோம். மலையில் நிரை பிடித்து நிற்கிறீர்கள். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. கணக்குக்கு இன்னும் இரண்டு கிலோ குறைகிறது. கண்ணுக்கு முன்னால் அரும்பு நிற்கிறது. கிள்ளிப் போட்டால் இன்றைய நிறை கொஞ்சம் கூடும். ஆனால் பழகின கை அதில் போகாது. போனாலும் கங்காணி சத்தம் போடுவார். ஏனென்றால் ஏழெட்டு நாள் விட்டுவிட்டால் அதே அரும்பு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரிந்து நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு பிடி அரும்பைக் கிள்ளினால் அடுத்த ரவுண்டில் ஒரு கூடை குறையும்.

கவ்வாத்து வெட்டின மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க மொட்டையாய், வயிற்றைக் கலக்கும். மாதக் கணக்கில் அதில் கொழுந்து கிடையாது. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதென்றால் இன்னும் நீளமான கதை. முதலில் ஒன்றரை, இரண்டு வருஷம் குவாட்டமாலாப் புல்லோ மானாப் புல்லோ போட்டு மண்ணை ஆற வைக்க வேண்டும். பிறகு நட்ட கன்று ஒழுங்காகக் கொழுந்து தர மூன்று வருஷமாவது பிடிக்கும். 1867இல் நமக்குப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நாளிலிருந்து இந்தக் காத்திருப்பு வேலை முழுவதையும் செய்துவந்தது தொழிலாளர் கைகள்தான்.

ஆகவே டவுனில் சிலர், "தோட்டத்து ஆளுங்களுக்கு நாளைய யோசனை கிடையாது, சம்பளம் வாங்கின அன்னிக்கே முடிச்சிடுவாங்க" என்று பேசும்போது நாம் அதை ஒத்துக்கொள்வதில்லை. பொறுக்கத் தெரியாத சனம் தேயிலை வளர்க்க முடியாது. அப்படியானால், மலையில் பொறுக்கிற அதே கை பத்தாந் திகதி மட்டும் ஏன் பொறுப்பதில்லை? இதைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறோம்.

அமெரிக்காவில் சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு சோதனை உலகம் முழுவதும் பிரசித்தம். 1960களின் கடைசியில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியல் ஆசிரியர் தொடங்கியது. நாலு வயதுப் பிள்ளையை ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். முன்னால் மெத்தென்ற ஓர் இனிப்பு. "இப்ப சாப்பிட்டா ஒண்ணுதான். நாங்க திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம இருந்தா ரெண்டு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். சில பிள்ளைகள் கதவு சாத்துமுன் விழுங்கிவிடும். சில பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் மேலே வந்தார்கள் என்றும் எழுதினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு "பொறுத்தவன் முன்னேறுவான், பொறுக்காதவன் ஏழையாவான்" என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். நாமும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம்.

கதை அத்தோடு முடியவில்லை. 2018இல் இன்னும் பல நூறு பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வீட்டு நிலைமையையும் தாயின் படிப்பையும் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசம் பெருமளவு சுருங்கிப்போனது. அதற்கும் முன்னால், 2012இல், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் கூட்டாளிகளும் 28 பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்தார்கள். நம் விஷயத்துக்குப் பொருந்துவது இதுதான். முதலில் பிள்ளையிடம் பழைய கலர்ப் பென்சிலைக் கொடுத்து, "கொஞ்சம் இரு, இதைவிட நல்லது கொண்டு வர்றேன்" என்றார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி நல்ல சாமான் வந்தது. மற்றப் பாதிக்கு, "மன்னிச்சுக்க, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார்கள். இப்படி இரண்டு தரம். அதற்குப் பிறகுதான் இனிப்பை வைத்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தன. ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம்.

ஏமாந்த பிள்ளை புத்தி இல்லாத பிள்ளையா? அது சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. வராத இரண்டை நம்பிக் கையில் இருக்கிற ஒன்றை ஏன் விடவேண்டும்?

இப்போது நம் பாட்டன் பூட்டன் காலத்தைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறும்போதே கங்காணியிடம் பட்ட கடன் தலையில். வழிச் செலவு, துணி, சாப்பாடு எல்லாம் கணக்கில் ஏறிவிடும். காப்பிக் காலத்தில் சம்பளம் மாதக் கணக்கில் நிலுவையில் கிடந்தது. கொடுத்த அரிசிக்கும் அந்தச் சம்பளத்தில்தான் வெட்டு. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கிற கடுதாசிதான் துண்டு. ஆளின் விலை அவன் கடன். 1921இல்தான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். சேர்த்து வைத்தால் யார் கையில் போகும் என்று தெரியாத ஒரு சனம், கையில் வந்த அன்றைக்கே அனுபவித்துவிடுவது என்று பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை நாம் பழிக்கப் போவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை விடவும் முடியும்.

ஏமாந்தது தொழிலாளி மட்டுமல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1869இல் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழ, 1884இல் ஓரியண்டல் பேங்க் என்ற பெரிய வங்கியே கதவைச் சாத்திவிட்டது. அன்றைக்கு இலங்கையில் கைமாறிய காகித நோட்டில் பெரும்பங்கு அந்த வங்கி அடித்தது. ஒரே நாளில் கையில் இருந்த நோட்டு செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் போய்விட்டது. தேசாதிபதியாயிருந்த ஆர்தர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்த பிறகுதான் சனம் மூச்சுவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எவ்வளவு சேர்ப்பது என்று கேட்குமுன் மூன்று கேள்வி கேட்கவேண்டும். காசு யார் கையில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, கேட்ட நாளில் வருமா? இவற்றுக்குப் பதில் சரியாயிருந்தால் பொறுமை தானாக வரும்.

முதலில், நாம் சேர்க்கிறோம் என்றே நமக்குத் தெரியாமல் சேர்கிற காசைப் பார்ப்போம். ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நம் சம்பளத்தில் 100க்கு 8 வெட்டுகிறார்கள். அதோடு நிர்வாகம் 12 போட வேண்டும். ஈ.டி.எப்.புக்கு இன்னும் 3, அது முழுவதும் நிர்வாகத்தின் காசு. ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் 2024இல் வர்த்தமானியில் வந்த தொகை. நம் பங்கு 108 ரூபா, நிர்வாகப் பங்கு 162 ரூபா, கூட்டினால் 270. மாதத்தில் 20 பேர் விழுந்தால் 5,400. வருஷத்துக்கு 64,800, வட்டி வேறு. இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேருக்கு, தன் கணக்கில் இன்றைக்கு எவ்வளவு கிடக்கிறது என்று தெரியும்? கையைத் தூக்குங்கள். இரண்டு பேர். பரவாயில்லை, போன தோட்டத்தில் ஒருவரும் தூக்கவில்லை.

மத்திய வங்கியிலிருந்து மீதி காட்டுகிற கடுதாசி வருகிறது. அதை அலுமாரிக்குள் சொருகி வைக்காமல் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தொகையைவிட முதலில் பெயரைப் பாருங்கள். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாயீ, பிறப்புச் சான்றிதழில் ராமாய். மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கம்பியூட்டருக்குத் தெரியாது. வேலையை விட்டு, காசுக்கு எழுதிப்போட்ட பிறகுதான் இந்தக் கரைச்சல் வெளியே வருகிறது. அந்த வயதில் கண்டிக்கும் ஹேவாஹெட்டைக்கும் பஸ்ஸில் அலைந்து, சத்தியக் கடுதாசி முடித்து, கடைசியில் கையில் கிடைக்குமுன் ஆள் போய்ச்சேர்ந்த கதையும் உண்டு. இன்றைக்கு முப்பது வயதில் திருத்தினால் ஒரு நாள் வேலை. அதேபோல, நாம் இறந்தால் யாருக்கு என்று பெயர் கொடுத்திருப்போம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்து, அம்மா செத்துப் பதினைந்து வருஷமாகியும் மாற்றாதவர்கள் இந்த லயத்திலேயே இருப்பார்கள்.

சர்வீஸ் காசையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். 1,350 என்று பார்த்தால் முப்பது வருஷத்துக்கு 567,000 ரூபா.

ஈ.பி.எப். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கிடைக்கிறது. 2015 முதல், வீட்டு வேலைக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் வரை நிபந்தனைகளோடு முன்கூட்டி எடுக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் பொறுத்த காசு இது. ஆனால் வந்த பிறகு முப்பது நாள் பொறுக்கிறதா? மகனுக்கு ஆட்டோவுக்கு முற்பணம், மீதிக்கு லீசிங். மருமகனுக்குக் கொஞ்சம். சொந்தக்காரருக்குக் கைமாற்று. ஒரு பந்தல், ஒரு ஸ்பீக்கர் செட், ரெண்டு கேஸ் சாராயம். பிள்ளைகளுக்குச் செய்யவேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. அது யாருக்காகச் சேர்த்தோம்? ஆனால் காசு கைக்கு வந்து ஆறு மாதம் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்காமல் நிலையான வைப்பில் போட்டுவிடுங்கள். "பேங்க்ல கட்டிக் கிடக்கு, இப்ப எடுக்க ஏலாது" என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். நாமே மறுத்தால் உறவு முறியும், வங்கி மறுத்தால் முறியாது.

இனி நம் கையால் சேர்க்கிற காசு. கலஹா பக்கம் ஒரு தோட்டத்தில் ஓர் அக்காவை எமக்குப் பல வருஷமாகத் தெரியும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் நடந்ததுபோல, அவர் சம்பளத்தையும் புருஷன்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் பத்தாந் திகதி ராத்திரி அவர் கொஞ்சம் வேறு ஆள். அக்கா சண்டை பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசை மட்டும் தன் கையில் வாங்கினார். அதைக் கொண்டுபோய்த் தபாற்கந்தோரில் தன் பெயரில் ஒரு புத்தகம் போட்டார். தபாற்கந்தோர்ச் சேமிப்பு இந்த நாட்டில் 1885இல் தொடங்கியது. 1972இல் அது தேசிய சேமிப்பு வங்கியோடு சேர்ந்தாலும், இன்றைக்கும் தபாற்கந்தோரில் அந்த வங்கியில் காசு போடலாம். அந்த வங்கியில் போட்ட காசுக்கு அரசாங்கத்தின் பொறுப்பும் உண்டு.

ஒன்பது வருஷம் போட்டார். மூத்த மகள் உயர்தரம் பாஸ்பண்ணினதும் படிக்க அனுப்புவதற்கு என்று. பத்தாவது வருஷம் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் வருத்தம் வந்து கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். போக வர பஸ், கூட நிற்கிறவருக்குச் சாப்பாடு, வெளியில் எடுக்கச் சொன்ன பரிசோதனை, இரண்டு மாதம் பேர் விழாத நஷ்டம், இதெல்லாம் யார் கொடுப்பது? புத்தகத்தில் 600 ரூபா மட்டும் மிஞ்சியது. மகள் ஒரு வருஷம் கண்டியில் துணிக்கடையில் நின்றாள். அக்கா எங்களிடம் அழுதார். "பத்து வருஷம் சேத்து என்ன கண்டேன்?" என்று கேட்டார். அன்றைக்கு நமக்குப் பதில் வரவில்லை. அவரோடு அதே லயத்தில் இருந்த இன்னொரு குடும்பத்துக்கும் அந்த வருஷம்தான் வருத்தம் வந்தது. அவர்கள் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து, மீட்க முடியாமல் ஏலத்தில் போய், கிழமைக் கடனும் எடுத்து, அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன் எடுத்து, கடைசியில் பெண் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனார். அக்கா போகவில்லை. அந்த அண்ணன் தேறி வந்து, முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாராம். மகள் இப்போது முன்பள்ளி ஆசிரியையாகப் பயிற்சி எடுத்துவிட்டாள், ஒரு வருஷம் பிந்தி. புத்தகம் மறுபடி ஓடுகிறது.

கிழமைக் கடன் என்று சொன்னதால் அந்தக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கொடுக்கிறார்கள். கிழமைக்கு 1,250, 52 கிழமை. மொத்தம் 65,000. "வருஷத்துக்கு 15,000 தானே, 100க்கு 30" என்று சொல்வார்கள். ஆனால் அரை வருஷத்தில் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். வட்டியோ கடைசி வரை முழு 50,000க்கும் கட்டுகிறீர்கள். உண்மையான வட்டி சொன்னதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாட்டில் எத்தனை பெண்கள் இதில் மாட்டினார்கள் என்றால், 2018இல் அரசாங்கமே வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் இப்படியான கடனை, ஒரு இலட்சம் ரூபா வரை, தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நிவாரணம் வரும் என்று நம்பிக் கடன் எடுக்கவேண்டாம். அந்த நிவாரணம் எல்லா மாவட்டத்துக்கும் வரவில்லை.

தீபாவளி முற்பணத்தைப் பற்றி நமக்குள் இரண்டு கருத்து உண்டு. வேண்டாம் என்கிறார்கள் சிலர். வட்டி இல்லாத காசை ஏன் விடவேண்டும் என்பது நம் எண்ணம். ஆனால் அது அடுத்த வருஷச் சம்பளம் என்பதை மறந்துவிடுகிறோம். தீபாவளி முடிந்த மறு மாதத்திலிருந்து வெட்டு, வெட்டு முடியுமுன் கடைக் கொப்பி நீளும். கடைக் கொப்பியில் எழுதி வாங்குகிறவருக்கு விலை கேட்கிற தைரியம் இருக்காது. போன தீபாவளிக்கு மறுநாளே நாளைக்கு 50 ரூபா எடுத்து வைக்கத் தொடங்கினால், கிழமைக்கு ஆறு நாள் என்று பார்த்தால் வருஷத்தில் 15,600. அதை வைத்துத் தீபாவளி கொண்டாடிவிட்டு, முற்பணத்தை அப்படியே புத்தகத்தில் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு வருஷம்.

"மிச்சம் இருந்தாத்தானே எடுத்து வைக்க?" என்று பின்னால் ஒரு தங்கச்சி கேட்கிறார். நியாயமான கேள்வி. சேமிப்பு சம்பள உயர்வுக்குப் பதில் ஆகாது. 1,000 ரூபாவுக்கு எத்தனை வருஷம் போராடி 2021இல் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் போராட்டம் வேறு, இது வேறு. இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றதை விடச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், எங்களையும் சேர்த்துத்தான். சாப்பாட்டைக் குறைத்துச் சேமிக்கிறதும் வேண்டாம், புள்ளையின் பால்மாவில் கை வைத்து வங்கியில் போடுகிறது பைத்தியக்காரத்தனம். முடிந்தவர் 50, முடியாதவர் 20. ஒரு கிழமை ஒன்றும் முடியாவிட்டால் அந்தக் கிழமை சும்மா இருங்கள். அதற்காகப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம்.

தனியே முடியாதவர்கள் சேர்ந்து செய்த கதை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்டிக்கு அந்தப் பக்கம் தும்பறையில், 1906இல், வட்டிக்காரரிடம் மாட்டிக்கிடந்த கிராமத்துச் சனம் சேர்ந்து ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இந்த நாட்டில் அதுதான் முதல் என்று சொல்கிறார்கள். கூட்டுறவுக்குச் சட்டம் வந்ததே 1911இல்தான், சனம் சட்டத்துக்கு முந்திவிட்டது. (அந்தப் பகுதியின் பழைய தெல்தெனிய டவுனே 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. நீர் வற்றினால் பழைய கட்டடங்கள் தலைகாட்டும்.) ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் 1860களில் கிராமத்து விவசாயிகளுக்குச் செய்த வழிதான் இதற்கும் மூலம். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் மட்டும் சேர்வது, சேர்த்த காசைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுப்பது, வட்டி வெளியே போகாமல் சங்கத்துக்கே திரும்புவது. 1978இல் கேகாலைப் பக்கம் கிரிவந்தெனிய என்பவர் அந்தச் சங்கங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். சணச என்று பெயர்ப் பலகை பார்த்திருப்பீர்களே, அதுதான்.

நம் லயங்களில் சீட்டு இருக்கிறது. சீட்டும் இதே சாதிதான், நல்ல பழக்கம்தான். ஆனால் அதன் பலவீனம் எங்கே என்றால், முழுப் பாரமும் ஒரு சீட்டுக்காரம்மாவின் நேர்மையில் நிற்கிறது. முதல் கை எடுத்தவர் மூன்றாவது மாதத்தில் கட்டாமல் விட்டால் கடைசிக் கை எடுக்கிறவர் தலையில் விழுகிறது. சோதனையில் ஏமாந்த பிள்ளை கதைதான். ஆகவே சீட்டுப் பிடிக்கிறவர்கள் பத்துப் பேருக்கு மேல் போகவேண்டாம். ஒரு கொப்பியில் எழுதி, காசு வாங்கும்போது எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். சிநேகிதிக்குள் கணக்கா என்று வெட்கப்படாதீர்கள். கணக்கு இல்லாமல் உடைந்த சிநேகங்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். அதிக வட்டி தருகிறோம் என்று வெளியிலிருந்து வருகிறவர்களிடம் மட்டும், மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தம்பி ஒருவர் கேட்டார்: "2022ல சாமான் விலை ரெண்டு மடங்காச்சே, பேங்க்ல போட்டவன்தானே முட்டாள்?" உண்மைதான், அந்த வருஷம் செப்டெம்பரில் உணவுச் சாமான் விலை, கொழும்புக் கணக்குப்படி, முந்திய வருஷத்தைவிட 95 வீதத்துக்குக் கிட்ட ஏறியிருந்தது. புத்தகத்தில் இருந்த காசு பாதியாய்த் தேய்ந்தது. அதை மறைத்துப் பேசினால் நாமும் ஏமாற்றுகிறவர்கள் ஆகிவிடுவோம். ஆனால் அந்த வருஷம் லயத்தில் யார் எப்படித் தப்பினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மரக்கறி போட்டவர், மாடு வைத்திருந்தவர், ஒரு பவுண் வைத்திருந்தவர், தேய்ந்த காசாவது கையில் இருந்தவர். கஷ்டத்தின் உச்சியில் நின்றது கடன்காரர். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் தம்பி. கொஞ்சம் புத்தகத்தில், கொஞ்சம் தோட்டில், கொஞ்சம் மாட்டுக் கொட்டிலில்.

ஒரு விஷயம் பெற்றோருக்கு. சின்னதுதான், ஆனால் எமக்குப் பெரிதாகப் படுகிறது. "அடுத்த சம்பளத்துக்குச் சப்பாத்து வாங்கித் தாரேன்" என்று பிள்ளையிடம் சொன்னால் வாங்கிக் கொடுங்கள். முடியாது என்று தெரிந்தால் சொல்லாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை. உண்டியலில் பிள்ளை போட்ட காசை அவசரத்துக்கு எடுத்தால் எடுத்தேன் என்று சொல்லுங்கள், எந்த நாள் திருப்பி வைப்பீர்கள் என்றும் சொல்லி, அந்த நாளில் வையுங்கள். அந்தப் பிள்ளை பிறகு எத்தனை நிமிஷம் காத்திருக்கும் என்பதை அங்கேதான் படிக்கிறது.

வருகிற சனிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்த பிறகு, இதே இடத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். ஈ.பி.எப். பெயர் திருத்தவேண்டியவர்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மத்திய வங்கிக் கடுதாசி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் சம்பளச் சீட்டையாவது கொண்டு வாருங்கள், அதில் உறுப்பினர் இலக்கம் இருக்கும். புதிதாகப் புத்தகம் போடுகிறவர்களுக்குப் படிவம் நிரப்ப உயர்தரம் படிக்கிற நம் தங்கச்சிகள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். புருஷனும் பெஞ்சாதியும் சேர்ந்து வந்தால் நல்லது, புத்தகம் மட்டும் இரண்டாக இருக்கட்டும்.

தேத்தண்ணி ஆறிப்போகுது. எழும்புங்க. வணக்கம்.